சம்பளத்தைக் கணிக்கும் யந்திரம்

"பையனுக்கு என்ன சம்பளம்?"

இந்தக் கேள்வியைக் கேட்க நம்மவர்கள் கூச்சப்படுவதில்லை. ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருப்பவர் கேட்பார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். ஆனால், கேட்காமலே பதில் சொல்லிவிடக் கூடியவர் ஒருவர் உண்டு. அவர்தான் கல்யாணத் தரகர்.

"என்ன படிப்பு? எந்தக் காலேஜ்? வேலை எந்த ஊரிலே? எத்தனை வருஷ சர்வீஸ்?" என்று நாலே நாலு கேள்வி கேட்பார். விட்டத்தைப் பார்த்துக் கொஞ்சம் யோசிப்பார். "மாசம் நாற்பதுக்குக் குறையாது, ஸார்!" என்பார். விசாரித்துப் பார்த்தால் முப்பத்தெட்டோ, நாற்பத்திரண்டோ இருக்கும்.

தரகருக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது. அவருடைய பையில் இருக்கும் ஜாதகக் கட்டுத்தான் அவருக்கு மந்திரம். ஒவ்வொரு ஜாதகத்தின் ஓரத்திலும் படிப்பு, உத்தியோகம், ஊர், சம்பளம் என்று எழுதியிருக்கிறது. ஆயிரம் ஜாதகங்களைப் பார்த்துப் பார்த்து, இன்ன படிப்புக்கு இன்ன ஊரில் இன்ன சம்பளம் என்ற கணக்கு அவர் மனத்தில் தானாகவே படிந்துவிட்டது. புதிதாக ஒருவர் வந்தால் அந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கிறார்.

இதே வேலையைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படிக் கற்றுக் கொடுப்பதற்குத்தான் 'மெஷின் லேர்னிங்' என்று பெயர். யந்திரத்துக்குச் சூத்திரத்தைச் சொல்லித் தருவதில்லை. உதாரணங்களைக் கொட்டி, "சூத்திரத்தை நீயே கண்டுபிடி" என்று விட்டுவிடுகிறார்கள். இன்று என்ஜினீயரிங் மாணவர்கள் இந்த வித்தையைப் பழகும்போது முதலில் எடுத்துக்கொள்ளும் பயிற்சிகளில் ஒன்று, சம்பளத்தைக் கணிப்பது. விளையாட்டாகத் தொடங்கும் இந்தப் பயிற்சி எங்கே போய் முடிகிறது என்பதை வாசகர்கள் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால், முடிவில் அது நம் வீட்டுப் பிள்ளைகளின் சம்பளத்தில் வந்து நிற்கிறது.

ஒரே சாலை, பல சம்பளம்

மவுண்ட் – பூந்தமல்லி சாலையில் ஐயப்பன்தாங்கலைத் தாண்டிக் குமணன்சாவடிக்குப் போகும் வழியில் இருக்கிறது காட்டுப்பாக்கம். காலை வேளையில் அந்த ஊர் பஸ் நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும்; சம்பளத்தைப் பற்றிய பாடத்தைக் கண்ணாலேயே படித்துவிடலாம். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, போரூர், மணப்பாக்கம் பக்கத்து சாப்ட்வேர் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள் ஒரு புறம். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஷிப்டு பஸ்ஸுக்காக நிற்கும் தொழிலாளர்கள் மறு புறம். இவர்கள் நடுவே, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் பிடிக்கப் போகிற பெரியவர். ஆஸ்பத்திரிக்குப் போகிற நர்ஸ். ஜவுளிக் கடைக்குப் போகிற பெண்.

இந்த வட்டாரத்துக்குத் தொழில் புதிதல்ல. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் ஏற்பட்டது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் அந்தப் பத்தாண்டில் வளர்ந்ததுதான். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் உற்பத்தி தொடங்கியது. பிறகு சாப்ட்வேர் வந்தது. ஒரே நிறுத்தத்தில் நின்று, ஒரே வெயிலில் காயும் இத்தனை பேருக்கும் வெவ்வேறு சம்பளம்! ஏன் இவருக்கு இவ்வளவு, அவருக்கு அவ்வளவு? படிப்பா, அனுபவமா, கம்பெனியா, அதிர்ஷ்டமா?

இந்த ஊரில் ஒரு மாணவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். பூந்தமல்லி வட்டாரத்து என்ஜினீயரிங் கல்லூரிகளில் படிக்கும் எத்தனையோ பெண்களில் ஒருத்தி. அப்பா அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். கடைசி வருஷத்துக்குச் செய்து காட்ட வேண்டிய வேலையாக, சம்பளத்தைக் கணிக்கும் யந்திரம் ஒன்றைச் செய்ய அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னம்மா, உன் பெட்டி ஜோசியம் சொல்லுமா?" என்று கேட்கிறார் அப்பா.

"ஜோசியம் இல்லப்பா, கணக்கு" என்கிறாள் மகள்.

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

நாலாயிரம் பேரின் கதை

யந்திரத்துக்குக் கற்பிக்க முதலில் வேண்டியது உதாரணங்கள். தரகருக்கு ஜாதகக் கட்டு, மாணவிக்கு எது?

நம் நாட்டு என்ஜினீயர்களைப் பற்றியே ஒரு கட்டு இருக்கிறது. 'ஆஸ்பைரிங் மைண்ட்ஸ்' என்ற இந்திய நிறுவனம் வேலை தேடும் பட்டதாரிகளுக்கு 'ஆம்கேட்' என்ற பரீட்சையை நடத்தி வந்தது. பரீட்சை எழுதியவர்களுக்குப் பிறகு என்ன வேலை, என்ன சம்பளம் கிடைத்தது என்ற விவரங்களைச் சேர்த்து, ஆட்களின் பெயரை நீக்கி, '2015 வேலைவாய்ப்பு விளைவுகள்' என்ற தலைப்பில் ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுத்தது. 2016-ல் நடந்த ஒரு விஞ்ஞான மாநாட்டில் அதை வைத்துப் போட்டியே நடத்தினார்கள். அந்த நிறுவனத்தை 2019-ல் 'எஸ்.எச்.எல்.' என்ற கம்பெனி வாங்கிவிட்டது. ஆனால் அந்தக் கட்டு மட்டும் மாணவர்கள் கையில் இன்றும் புழங்குகிறது.

அதில் 3,998 என்ஜினீயர்கள் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு மார்க், பன்னிரண்டாம் வகுப்பு மார்க், கல்லூரி மார்க், படித்த பிரிவு, வேலை பார்க்கும் ஊர், ஆணா பெண்ணா, ஆங்கிலத்தில் எத்தனை, கணக்கில் எத்தனை, தர்க்கத்தில் எத்தனை என்று வரிசையாகக் கட்டங்கள். பொறுப்புணர்ச்சி, பிறரோடு ஒத்துப்போகும் தன்மை ஆகிய குணங்களுக்குக்கூட எண் போட்டிருக்கிறார்கள். கடைசியில், வருஷச் சம்பளம். மிகக் குறைந்த சம்பளம் 35,000 ரூபாய். மிக அதிகம் 40 லட்சம் ரூபாய். வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருடைய சம்பளம் 3 லட்சம்.

எடுத்தவுடன் யந்திரத்தில் போட்டுவிட முடியுமா? முடியாது. அரிசியைக் களைந்து கல் பொறுக்க வேண்டாமா? அந்த வேலைதான் மிகப் பெரிது.

முதல் கல்: சில பரீட்சைகளை எல்லோரும் எழுதவில்லை. எழுதாதவர்களுக்கு நேரே -1 என்று குறித்திருக்கிறார்கள். 'எழுதவில்லை' என்பதற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவுதான். மனிதனுக்கு இது புரியும். யந்திரத்துக்குப் புரியாது. "பாவம், இவன் சைபருக்கும் கீழே மார்க் வாங்கியிருக்கிறான்" என்று எண்ணிவிடும்.

இரண்டாவது கல்: கல்லூரி மார்க்கைச் சிலர் நூற்றுக்கு இவ்வளவு என்று கொடுத்திருக்கிறார்கள். சிலர் பத்துக்கு இவ்வளவு என்று கொடுத்திருக்கிறார்கள். பத்துக்கு எட்டு வாங்கிய கெட்டிக்காரன், நூற்றுக்கு எட்டு வாங்கிய மக்காகத் தெரிவான்.

மூன்றாவது கல்: ஒரே ஊரைப் பல விதமாக எழுத்துக்கூட்டி எழுதியிருக்கிறார்கள். பெங்களூர் வேறு, பெங்களூரு வேறு என்று யந்திரம் இரண்டு ஊராக எண்ணும்.

நான்காவது கல் இன்னும் வேடிக்கையானது. கல்லூரியின் பெயரை மறைத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக் கதவிலக்கம் போன்றது அது. 40-ம் நம்பர் வீடு 20-ம் நம்பர் வீட்டைப் போல் இரு மடங்கு பெரியது என்று யாராவது சொல்வார்களா? யந்திரம் சொல்லும்!

மாணவி ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கிறாள். இதில் அவசரப்பட்டவர்களின் யந்திரம் பிறகு எத்தனை வேகமாக ஓடினாலும் தவறான ஊருக்குத்தான் போய்ச் சேரும்.

கோடு போட்டுக் கண்டுபிடித்தல்

இனி, பாடம். ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். இது நாமாகப் போட்டுக்கொண்ட கணக்கு. ஐந்து பேர். 1 வருஷ அனுபவக்காரருக்கு மாதம் 20,000. 2 வருஷத்துக்கு 26,000. 3 வருஷத்துக்கு 29,000. 4 வருஷத்துக்கு 34,000. 5 வருஷத்துக்கு 41,000.

ஒன்றும் தெரியாதவன் என்ன செய்வான்? ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுப்பான். சராசரி 30,000. யார் வந்தாலும் "முப்பதாயிரம்" என்பான். இப்படிச் சொன்னால் ஆளுக்குச் சராசரியாக 6,000 ரூபாய் தவறுகிறது.

கெட்டிக்காரன், காகிதத்தில் ஐந்து புள்ளி வைத்து அவற்றின் ஊடே நேர்கோடு ஒன்றை இழுப்பான். "அடிப்படை 15,000, ஒவ்வொரு வருஷத்துக்கும் 5,000 சேர்த்துக்கொள்" என்பது அந்தக் கோட்டின் பொருள். அதன்படி 20, 25, 30, 35, 40 ஆயிரம் என்று விடை வரும். இப்போது சராசரித் தவறு வெறும் 800 ரூபாய்தான்!

புள்ளிகளுக்கு நடுவே எத்தனையோ கோடுகள் போடலாமே, இதுதான் சரி என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து, அந்த விலகலை அதாலேயே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். எந்தக் கோட்டுக்கு அந்தக் கூட்டல் மிகக் குறைவோ, அதுவே நமக்கு வேண்டிய கோடு. லெழாந்தர் என்ற பிரெஞ்சுக் கணித மேதை இந்த முறையை 1805-ல் வெளியிட்டார். அவருக்கு முன்பே தாம் இதைக் கையாண்டதாக ஜெர்மனியின் காஸ் உரிமை கொண்டாடினார். 1801-ல் ஸீரிஸ் என்ற சிறு கோளைக் கண்ட வானசாஸ்திரிகள் அதைச் சூரிய வெளிச்சத்தில் தவறவிட்டுத் தவித்தார்கள். காஸ் கணக்குப் போட்டு "இங்கே பாருங்கள்" என்று காட்டினார். அந்த ஆண்டு முடிவதற்குள் கோள் அகப்பட்டது. வானத்தில் கோள் தேடப் பழகிய அதே கணக்குத்தான் இன்று காட்டுப்பாக்கத்தில் சம்பளம் தேடுகிறது!

மாணவியின் கட்டில் அனுபவம் மட்டுமா இருக்கிறது? மார்க், ஊர், பிரிவு என்று எத்தனையோ. எல்லாவற்றுக்கும் சேர்த்து இப்படி ஒரு கணக்கைப் போடுவது கம்ப்யூட்டருக்குச் சில நொடி வேலை.

வேறு வழியும் உண்டு. 2001-ல் லியோ பிரைமன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் விவரித்த முறை, கிராமத்துப் பஞ்சாயத்தைப் போன்றது. நூற்றுக்கணக்கான பஞ்சாயத்தார். ஒவ்வொருவரும் வெவ்வேறு கேள்வி கேட்கிறார்கள். "வேலை பெங்களூரா? ஆம் என்றால், கணக்கில் இத்தனைக்கு மேலா?" என்று கிளை கிளையாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு தொகை சொல்கிறார்கள். எல்லோரும் சொன்னதன் சராசரியே தீர்ப்பு. மரங்கள் பல சேர்ந்ததால் இதற்குக் 'காடு' என்று பெயர்.

இரண்டு முறைக்கும் தனித்தனிக் குறை உண்டு. நம்முடைய கோட்டிடம் 30 வருஷ அனுபவக்காரரைக் கொண்டு போய் நிறுத்தினால், கொஞ்சமும் யோசிக்காமல் 1,65,000 என்று சொல்லும். அது பார்த்ததோ ஐந்து வருஷம் வரைதான்! காட்டுக்கோ வேறு குறை: தான் பார்த்த சம்பளங்களில் மிகப் பெரியதற்கு மேல் ஒருபோதும் அது சொல்லாது. கிணற்றுத் தவளைக்கு நாட்டு வளப்பம் தெரியுமா?

மறைத்து வைத்த கேள்வித்தாள்

யந்திரம் பாடத்தைப் புரிந்துகொண்டதா, நெட்டுருப் போட்டதா என்று எப்படித் தெரியும்? பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்ன செய்கிறார்? புத்தகத்தில் போட்டுக் காட்டிய கணக்கைப் பரீட்சையில் கொடுப்பதில்லை. மாணவியும் அப்படியே செய்கிறாள். ஐந்தில் ஒரு பங்கு ஆட்களைத் தனியே ஒளித்து வைக்கிறாள். மீதிப் பேரைக் காட்டிப் பாடம் நடத்துகிறாள். பிறகு ஒளித்து வைத்தவர்களை ஒவ்வொருவராக அழைத்து, "இவருக்கு என்ன சம்பளம்?" என்று கேட்கிறாள்.

இங்கேதான் பெரும்பாலான யந்திரங்களின் சாயம் வெளுக்கிறது. நம்முடைய ஐந்து பேர் கணக்கில் 800 ரூபாய்தான் தவறு என்று மகிழ்ந்தோம். ஆறாவதாக ஒருவர் வருகிறார். 3 வருஷ அனுபவம். ஆனால் வாங்குவது 38,000. கோடு சொல்வது 30,000. எட்டாயிரம் வித்தியாசம்! ஏன்? அவருடைய அத்தை மகன் அந்தக் கம்பெனியில் இருந்து சிபாரிசு செய்திருக்கலாம். அல்லது கையில் வேறொரு உத்தரவை வைத்துக்கொண்டு தைரியமாகப் பேரம் பேசியிருக்கலாம். எந்தக் கட்டத்திலும் இதெல்லாம் எழுதப்படவில்லை.

சம்பளம் என்பது உயரம், எடை போன்றதல்ல. இருவர் உட்கார்ந்து பேசி முடிவு செய்வது அது. ஆகவே, நேர்மையான யந்திரம் "34,500" என்று ஒரே எண்ணைச் சொல்லிவிட்டு நிற்காது. "உங்களைப் போன்றவர்களில் பெரும்பாலோர் 28,000-லிருந்து 42,000 வரை வாங்குகிறார்கள்" என்று இடைவெளியோடு சொல்லும்.

கடை திறப்பு

பாடம் முடிந்தது. இனி யந்திரத்தைப் பொதுஜனங்களிடம் கொண்டு போக வேண்டும். கற்றதையெல்லாம் சுருட்டி ஒரு கோப்பாகச் சேமிக்கிறார்கள். வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர் ஒன்றில் அதை ஏற்றுகிறார்கள். முன்னால் ஒரு படிவம்: படிப்பு, மார்க், ஊர், அனுபவம். பூர்த்தி செய்து பொத்தானை அழுத்தினால் தொகை வருகிறது. பைத்தான் மொழி தெரிந்த மாணவிக்கு இது ஒரு வார வேலை.

ஆனால் கடை திறப்பதைவிட நடத்துவது கடினம் என்பது வியாபாரிகளுக்குத் தெரியும். வீட்டில் அரிசி களைந்த அதே முறையில் இங்கேயும் களைய வேண்டும். யாரோ ஒருவர் மார்க் என்ற இடத்தில் 8.1 என்று போடுகிறார். யந்திரம் பழகியதோ நூற்றுக்கு. வேறொருவர் வருஷச் சம்பளத்தை மாதச் சம்பளம் என்று புரிந்துகொள்கிறார். உடைந்த மிஷின் கடகடவென்று சத்தம் போட்டாவது காட்டிக் கொடுக்கும். இந்த மிஷின் சத்தமே போடாது. தவறான கேள்விக்கும் சிரித்த முகத்தோடு ஒரு பதில் சொல்லும்.

'சம்பளம்' என்ற சொல்லிலேயே ஒரு மயக்கம் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் 'சி.டி.சி.' என்று ஒரு பெரிய தொகையைக் காட்டுவார்கள். அதில் கம்பெனி கட்டும் சேமநிதியும், என்றைக்கோ தரப்போகும் பணிக்கொடையும், கிடைத்தாலும் கிடைக்கலாம் என்ற போனஸும் அடங்கியிருக்கும். கைக்கு வருவது வேறு. கட்டில் இருப்பது எந்தச் சம்பளம் என்று கேட்காமல் கணிப்பை நம்பினால், முதல் மாதமே ஏமாற்றம்தான்.

காலமும் சும்மா இருப்பதில்லை. 2015-ல் தொகுத்த கட்டை வைத்துப் பாடம் கற்ற யந்திரத்துக்கு 2020-ல் கொரோனா வந்தது தெரியாது. வீட்டிலிருந்தே வேலை செய்யும் வழக்கம் வந்தது தெரியாது. அது ஐந்து வருஷத்துக்கு முன்னால் கிராமத்தை விட்டுப் போன உறவினரைப் போல, "தேங்காய் இன்னும் பழைய விலைதானே?" என்று கேட்டுக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. அந்நாட்டின் 1994-ம் ஆண்டு மக்கள் தொகை விவரங்களிலிருந்து 48,842 பேரை எடுத்து, "இவர் வருஷத்துக்கு 50,000 டாலருக்கு மேல் சம்பாதிப்பாரா?" என்று கணிக்கும் பயிற்சிக் கட்டு ஒன்றைச் செய்தார்கள். உலகமெங்கும் மாணவர்கள் கால் நூற்றாண்டுக்கு மேல் அதையே மாவாக ஆட்டினார்கள். 2021-ல் சில ஆராய்ச்சியாளர்கள், "போதும், இதற்கு ஓய்வு கொடுங்கள்" என்று கட்டுரை எழுதிப் புதிய கட்டுகளைத் தர வேண்டியதாயிற்று.

மகளின் சந்தேகம்

யந்திரம் தயாரான அன்று இரவு மாணவி தன்னுடைய விவரங்களையே கொடுத்துப் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தொகை வருகிறது. பிறகு, எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, 'பெண்' என்ற ஒரே கட்டத்தை மட்டும் 'ஆண்' என்று மாற்றிப் பொத்தானை அழுத்துகிறாள். யந்திரம் செய்கிற ஒவ்வொருவரும் தவறாமல் செய்ய வேண்டிய சோதனை இது. தொகை கூடுகிறது என்றால், அதற்கு என்ன அர்த்தம்?

யந்திரத்துக்குப் பெண்கள் மேல் விரோதம் ஒன்றும் இல்லை. பார்த்ததைச் சொல்கிறது. பெண்களுக்குக் குறைத்துக் கொடுத்த உலகத்தைப் பார்த்திருந்தால், "பெண் என்றால் குறைத்துக்கொள்" என்பதையும் ஒரு பாடமாகவே கற்றுக்கொள்ளும். அந்த நாலாயிரம் பேரில் பெண்கள் கால் பங்குகூட இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

"அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டால்?" என்று கேட்கலாம். உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்று அடிபட்டுக் கற்ற பாடம் இது. விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடும் யந்திரம் ஒன்றை அமேஸான் கம்பெனி 2014 முதல் உருவாக்கி வந்தது. பத்து வருஷ விண்ணப்பங்களைக் காட்டி அதற்குப் பாடம் நடத்தினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்கள் அனுப்பியவை. விளைவு? விண்ணப்பத்தில் 'மகளிர்' என்ற சொல் தென்பட்டால், மகளிர் செஸ் சங்கத் தலைவி என்பது போல் எங்காவது இருந்தால், அது மதிப்பெண்ணைக் குறைத்தது. இரண்டு மகளிர் கல்லூரிகளில் படித்தவர்களுக்கும் அதே கதி. திருத்திப் பார்த்தார்கள், வேறு வழியில் பாரபட்சம் நுழையாது என்று உறுதி சொல்ல முடியவில்லை. அந்தக் குழுவையே கலைத்துவிட்டார்கள். 2018 அக்டோபரில் ராய்ட்டர் செய்தி நிறுவனம் இதை வெளியிட்டது. அந்த யந்திரத்தின் சொல்லை மட்டுமே நம்பி யாரையும் வேலைக்கு எடுக்கவில்லை என்பதையும் அச்செய்தியே கூறியது.

நம் ஊரிலும் அப்படித்தானே? 'ராணி மேரிக் கல்லூரி' என்று ஒரு வரி இருந்தால் விண்ணப்பித்தவர் பெண் என்று தனியாக வேறு எழுத வேண்டுமா? வாசல் கதவைச் சாத்தினால் பூனை கொல்லை வழியாக வருகிறது.

கல்லூரி விஷயமும் இதே போல்தான். நாம் பார்த்த கட்டில் கல்லூரிகளை முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்திருக்கிறார்கள். அங்கே படித்த மாணவர்கள் 'ஆம்கேட்' பரீட்சையில் வாங்கிய சராசரி மார்க்கை வைத்துச் செய்த பிரிவு அது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இரண்டாம் தரத்தில்தான் இருக்கிறார்கள். ஒரு பெண் கெட்டிக்காரியாக இருந்தாலும், அவளோடு படித்தவர்களுடைய மார்க் அவள் சம்பளத்தை இழுத்துக்கொண்டே வரும்.

இன்னொன்று. மகளுடைய கட்டில் அப்பா இல்லவே இல்லை! லேத் பிடிக்கிறவர், நர்ஸ், ஜவுளிக் கடைப் பெண் யாருமே அதில் இல்லை, என்ஜினீயர்கள் மட்டும்தான். எல்லாரையும் கேட்கிற கட்டு அரசாங்கத்திடம் இருக்கிறது. பேராசிரியர் மகாலநோபிஸின் முயற்சியால் 1950-ல் பிறந்தது தேசிய மாதிரி ஆய்வு. அதன் வழியில் 2017 ஏப்ரல் முதல் தொழிலாளர் நிலை பற்றிய தொடர் ஆய்வு நடந்து வருகிறது. மாதச் சம்பளக்காரர், தினக்கூலிக்காரர், சொந்தத் தொழில் செய்கிறவர் எல்லாரிடமும் வருமானம் எவ்வளவு என்று அதில் கேட்கிறார்கள். சம்பளத்தைப் பற்றிப் பேச விரும்பும் மாணவர்கள் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்ப்பது நல்லது.

யார் கையில் யந்திரம்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். இந்த யந்திரம் சொல்வது, "இதுவரை உன்னைப் போன்றவர்களுக்கு என்ன கொடுத்தார்கள்" என்பதை. "உனக்கு என்ன கொடுப்பது நியாயம்" என்பதை அது சொல்வதில்லை; அது அதற்குத் தெரியவும் தெரியாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், நேற்று மழை பெய்தது என்பதற்கும் இன்று நனைந்துதான் ஆக வேண்டும் என்பதற்கும் உள்ள வித்தியாசம்.

இதே யந்திரம் வேலை தேடுகிறவள் கையில் இருந்தால் அவளுக்கு ஒரு துணை. "என்னைப் போன்றவர்களுக்கு இவ்வளவு கொடுக்கிறார்கள்; எனக்கு ஏன் குறைவு?" என்று கேட்கலாம். முதலாளி கையில் மட்டும் இருந்தால், "இந்தப் பெண் இவ்வளவுக்கே சம்மதிப்பாள்" என்று கண்டுபிடிக்கும் தந்திரமாகிவிடும். அவள் குறைந்த சம்பளத்துக்குச் சேர்வாள். அந்தக் குறைந்த சம்பளம் மறு வருஷம் யந்திரத்துக்குப் புதிய உதாரணமாகப் போய்ச் சேரும். யந்திரம், "பார்த்தீர்களா, நான் சொன்னது சரியாயிற்று!" என்று பெருமை பேசும். அப்பா 'ஜோசியமா' என்று கேட்டாரே, அது இந்த இடத்தில்தான் உண்மையாகிறது. தானே சொல்லித் தானே பலிக்க வைக்கும் ஜோசியம்!

இந்தச் சுழலுக்கு யந்திரம்தான் வர வேண்டும் என்பதில்லை. "பழைய கம்பெனியில் என்ன சம்பளம்?" என்று இன்டர்வியூவில் கேட்டு, அதற்கு மேல் கொஞ்சம் போட்டுத் தருகிற பழக்கமும் இதே ஜாதிதான். முதல் வேலையில் ஏமாந்தவர் கடைசி வேலை வரை ஏமாறுகிறார். இதை உணர்ந்துதான் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாநிலம், வேலையும் சம்பளமும் பேசி முடிப்பதற்கு முன் பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்று 2016-ல் சட்டம் செய்தது. 2018-ல் அது அமலுக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2023-ல் ஓர் உத்தரவு பிறப்பித்தது. பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது, புதிய வேலைக்கு எவ்வளவு முதல் எவ்வளவு வரை என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். உறுப்பு நாடுகள் அதைச் சட்டமாக்க வைத்த கெடு 2026 ஜூன் 7.

நம் நாட்டில்? சம வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்பது அரசியல் சட்டத்தின் வழிகாட்டும் நெறிகளிலேயே இருக்கிறது. அதற்கென்று 1976-ல் ஒரு சட்டம் வந்தது. பிறகு அது 2019-ம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டு, அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் இருக்கிறது, ஆனால் பக்கத்து மேஜைக்காரருக்கு என்ன சம்பளம் என்று தெரிந்தால்தானே, சமமா இல்லையா என்று கேட்க முடியும்? சம்பளக் கவரை ஒளித்து வைக்கும் வழக்கத்தால் லாபம் அடைகிறவர் யார் என்று யோசிக்க வேண்டும்.

ஆகவே, சம்பளத்தைக் கணிக்கும் யந்திரத்தை நம் மாணவர்கள் செய்யட்டும், தாராளமாகச் செய்யட்டும். செய்யும்போது மூன்று காரியங்களை மறக்க வேண்டாம். ஒரே எண்ணைச் சொல்லாமல் இடைவெளியோடு சொல்லுங்கள். எந்த வருஷத்துக் கட்டை வைத்துச் சொல்கிறீர்கள், அதில் யார் இல்லை என்பதைப் படிவத்தின் மேலேயே எழுதிப் போடுங்கள். ஆண், பெண் கட்டத்தை மாற்றிப் பார்த்த சோதனையின் முடிவை ஒளிக்காமல் காட்டுங்கள்.

படிவத்தைப் பூர்த்தி செய்யும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. யந்திரம் சொன்ன தொகையைப் பார்த்துவிட்டு, "உனக்கு இவ்வளவுதான்" என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். கல்யாணத் தரகர் தப்பாகச் சொன்னால், மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறோம் அல்லவா? அந்தச் சந்தேகத்தை இந்தப் புதிய தரகரிடமும் கொஞ்சம் வைத்திருப்பது நல்லது.

காட்டுப்பாக்கத்துப் பெண் நாளைக் காலை இன்டர்வியூவுக்குப் போகிறாள். பஸ்ஸில் ஏறும்போது அவள் கைப்பையில், யந்திரம் சொன்ன தொகை எழுதிய சீட்டு ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே, தான் கேட்கப் போகும் தொகையைத் தன் கையால் எழுதியிருக்கிறாள். அது கொஞ்சம் அதிகம்.